ரேஸ் ஓடும்போதே பிட் கணக்கு போடுறது எப்படி? குமரி மாவட்டத்துல இருந்து பாக்கிறவங்க சொல்லுங்க

தக்கலை ரேஸ் ரசிகன்

எல்லாருக்கும் வணக்கம். எஃப்1 பயிற்சி, தகுதிச்சுற்று, ரேஸ் எதையும் விடாம பாக்கிறவங்க தக்கலையில் நாலைஞ்சு பேர் சேர்ந்திருக்கோம். புள்ளிக் கணக்கு, டயர் நிறம், கொடி நிறம் எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதனால அடிப்படை வேண்டாம்.

வேணும்னது இதுதான். ஒரு டிரைவர் எந்த லேப்ல (சுத்துல) டயர் மாத்த பிட்டுக்குப் போவார், போனா யாருக்கு முன்னாடி வெளிய வருவார், அண்டர்கட் (முன்னால போறவருக்கு முந்தியே டயர் மாத்தி அவரைத் தாண்டுறது) பலிக்குமா பலிக்காதா, இதையெல்லாம் கமெண்டரியில் சொல்றதுக்கு முன்னாடியே நாமளே கணக்குப் போட்டு கண்டுபிடிக்க என்ன வழி? லைவ் டைமிங்கை (ஒவ்வொரு காரோட நேரத்தையும் உடனுக்குடன் காட்டுற திரை) திறந்து வச்சா எண்ணு எண்ணா ஓடுது, எதைப் பாக்கணும்னு பிடி கிடைக்கல. போதாததுக்கு டைமிங் முன்னாடி போகுது, வீடியோ பின்னாடி வருது. பிட் நடக்கிறதுக்கு முன்னாடியே டைமிங்ல முடிவு தெரிஞ்சு போவுது.

இன்னொண்ணு, ஐப்பசி மழைக்கு சாயங்காலம் ஆனா கரண்டும் நெட்டும் சேர்ந்து போகுது. அமெரிக்கா பக்கத்து ரேஸுக்கு நேரம் மாறி மாறி வேற குழப்பம். கோவை டிராக்லயோ இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ நடக்கிற ரேஸை நேர்ல போய்ப் பாத்தா இந்தக் கணக்குக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா? அதையும் சொல்லுங்க.

பார்வதிபுரம் பிட்

கணக்கை மத்தவங்க சொல்லட்டும். நேரம், நெட்டு, கரண்டு நான் சொல்லுறேன்.

நேரத்தை ரேஸ் ரேஸா மனப்பாடம் பண்ணாதீங்க, தொடங்குற நேரம் வருசா வருசம் மாறும். வித்தியாசத்தை மட்டும் எழுதி டிவி பக்கத்துல ஒட்டி வச்சுக்கிடுங்க. கோடையில் ஐரோப்பா நேரத்தோட 3.30 மணி கூட்டணும், இங்கிலாந்துன்னா 4.30. அங்க மதியம் 3 மணிக்கு ரேஸ்னா நமக்கு மொனாக்கோ சாயங்காலம் 6.30, சில்வர்ஸ்டோன் 7.30. பஹ்ரைன், ஜெத்தா, கத்தார் 2.30 கூட்டணும். அபுதாபி, பாகூ 1.30. சிங்கப்பூர், சீனாவுக்கு 2.30 கழிக்கணும், ஜப்பானுக்கு 3.30 கழிக்கணும். மெல்போர்னுக்கு மார்ச்சுல 5.30 கழிக்கணும், ஏப்ரல் முதல் ஞாயிறு தாண்டிட்டா 4.30.

குழப்பம் வாரது அமெரிக்கா பக்கந்தான். அக்டோபர்ல ஆஸ்டினுக்கு 10.30 மணி கூட்டணும், மெக்சிகோவுக்கு 11.30, பிரேசிலுக்கு 8.30, நவம்பர்ல லாஸ் வேகாஸுக்கு 13.30. ஆஸ்டின்ல ஞாயிறு மதியம் 2 மணின்னா நமக்கு இரவு 12.30, அதாவது காலண்டர்ல திங்கள்கிழமை. லாஸ் வேகாஸ் அங்க சனிக்கிழமை ராத்திரி ஓடுது, நமக்கு ஞாயிறு காலையில வரும். ஐரோப்பா கடிகாரம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாத்துவான். மெக்சிகோ, பிரேசில் மாத்துறதே இல்ல. இது தெரிஞ்சா அலாரம் தப்பாது.

நெட்டு: 2024-ல இருந்து இந்தியாவுல ஃபேன்கோட் செயலியில வருது. 720 தரத்துல பாத்தா மணிக்கு ஒண்ணு, ஒண்ணரை ஜிபி போகும். 1080-ன்னா ரெண்டு, மூணு. முன்னோட்டத்தோட சேர்த்து ரெண்டரை மணி நேரம் வச்சா தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி பிளான் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுப் பாக்குறது நடக்காது. பாதி ரேஸ்ல அளவு தீர்ந்து படம் நின்னு நின்னு ஓடும். ஒரு உபாயம் உண்டு. தினசரி அளவு ராத்திரி 12 மணிக்குப் புதுசாகும். பிரேசில் ரேஸ் மாதிரி 12 மணியைத் தாண்டி முடியறதுக்கு முதல் பாதியை 480-ல ஓட்டி, 12 ஆனதும் தரத்தைக் கூட்டிக்கிடலாம்.

கரண்டு: வீட்டுக்கு ஃபைபர் இருந்தா ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். வாங்குறதுக்கு முன்னாடி ரவுட்டர் அடாப்டர்ல எழுதியிருக்கிறதைப் பாருங்க. பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் இருக்கும். யுபிஎஸ் அதே வோல்ட்லயும் அதைவிடக் குறையாத ஆம்பியர்லயும் இருக்கணும், பின்னோட அளவும் ஒத்து வரணும். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியா இருந்தா ரெண்டு அவுட்புட் உள்ளதா எடுங்க. ஒண்ணுக்கு மட்டும் கொடுத்துட்டு "யுபிஎஸ் இருந்தும் நெட் போச்சு"ன்னு சொல்றவங்கதான் அதிகம். 8,800 எம்ஏஎச்னு போட்டிருக்கிறது உள்ள இருக்கிற 3.7 வோல்ட் செல்லோட கணக்கு, ஆக மொத்தம் 32 வாட் மணி நேரம். ரவுட்டர் 10 வாட் இழுத்தா, வோல்ட் மாத்துறதுல போற நஷ்டமும் கழிச்சு ரெண்டரை மணி நேரம் கிடைக்கும். ஒரு ரேஸுக்குச் சரியா இருக்கும், அதனால தகுதிச்சுற்று முடிஞ்சதும் முழுசா சார்ஜ் ஏத்தி வைங்க.

இதுக்கும் மேல ஒண்ணு. உங்க கேபிள்காரர் ஆபீஸ்ல பேக்கப் இல்லன்னா நம்ம யுபிஎஸ்ஸால ஒரு பலனும் இல்ல. ஊர்ல கரண்டு போகும்போது ரவுட்டர்ல சிவப்பு விளக்கு எரியுதான்னு ஒரு தடவை பாத்துக்கிடுங்க. எரிஞ்சா அந்த இணைப்பை நம்பாதீங்க, போன்ல வேற கம்பெனி சிம் ஒண்ணு தயாரா வைங்க. இடி வெட்டும்போது ஃபைபர் வழியா மின்னல் வராது, அடாப்டர் வழியாத்தான் வரும். அந்த நேரம் அடாப்டரைச் சுவத்துல இருந்து பிடுங்கிட்டு யுபிஎஸ்ல மட்டும் ஓட்டுங்க.

ஸ்டாப்வாட்ச் அக்கா

தம்பி, டைமிங் திரையில் இருக்கும் எண்களில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லை. நாலே நாலு போதும்: முன்னால் இருப்பவரோடு கேப் (இடைவெளி), கடைசி லேப் நேரம், டயரின் வயது, உங்கள் டிரைவருக்குப் பின்னால் ஒரு பிட் லாஸ் தூரத்தில் யார் இருக்கிறார் என்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. டீம்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

முதலில் பிட் லாஸ். பிட்டுக்குப் போய் வருவதால் மொத்தம் எவ்வளவு நேரம் நஷ்டம் என்ற கணக்கு இது. டயர் மாற்றும் இரண்டரை வினாடி இதில் சின்னப் பங்கு, பெரும்பங்கு பிட் லேன் வேகக் கட்டுப்பாட்டில் போகிறது. பெரும்பாலான இடங்களில் 80 கி.மீ., மொனாக்கோவில் 60. டிராக்கைப் பொறுத்து 18 முதல் 28 வினாடி வரை வரும். டிவியில் சொல்லும் எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டாம், முதலில் யார் பிட்டுக்குப் போகிறாரோ அவரை வைத்தே எடுத்துவிடலாம். உள்ளே போன லேப் நேரத்தையும் வெளியே வந்த லேப் நேரத்தையும் கூட்டுங்கள். அவருடைய சாதாரண லேப் நேரத்தை இரண்டால் பெருக்கிக் கழியுங்கள். சாதாரண லேப் 1:32.0, உள்ளே போன லேப் 1:36.5, வெளியே வந்தது 1:49.8 என்று வையுங்கள். 96.5 + 109.8 = 206.3. அதில் 184 போனால் 22.3. அந்த ரேஸ் முழுக்க உங்கள் தாளின் தலையில் 22.3 என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். டயர் மாற்றும்போது யாராவது ஐந்து வினாடி தடுமாறியிருந்தால் அவரை விட்டு அடுத்தவரை எடுங்கள்.

தாள் எப்படி? ஏ4 தாளை நீளவாக்கில் மடித்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு கார். நீங்கள் நாலைந்து பேர் என்றால் ஆளுக்கு ஒரு டிரைவர். முதல் பத்து லேப் மூன்று லேப்புக்கு ஒரு வரி போதும், பிட் நேரம் நெருங்கியதும் லேப்புக்கு ஒரு வரி. வரி இப்படி இருக்கும் (மஞ்சள் 18 என்றால் மீடியம் டயர், 18 லேப் வயது):

லேப் 18: முன் 1.9, 1:32.8, மஞ்சள் 18, பின் 21.0
லேப் 19: முன் 1.9, 1:32.8, மஞ்சள் 19, பின் 21.7
லேப் 20: முன் 1.8, 1:32.9, மஞ்சள் 20, பின் 22.5
லேப் 21: முன் 1.9, 1:32.9, மஞ்சள் 21, பின் 23.3

ஒவ்வொரு வரியிலும் கடைசி எண்ணைப் பாருங்கள். பின்னால் மெதுவாக வரும் கார் 18-ஆம் லேப்பில் 21.0 வினாடி தள்ளி இருக்கிறது. அப்போது பிட்டுக்குப் போனால் 22.3 நஷ்டம், அந்தக் காருக்கு 1.3 வினாடி பின்னால் வெளியே வருவார். புது டயர் போட்டும் மெதுவான காரின் கலங்கிய காற்றில் மாட்டிக்கொள்வார். 20-இல் 22.5, வெறும் 0.2 முன்னால், முதல் வளைவிலேயே சண்டை. 21-இல் 23.3, ஒரு வினாடி முன்னால் சுத்தமான பாதை. ஆகவே இவர் 21-ஆம் லேப் முடிவில் உள்ளே போவார். கமெண்டரிக்கு முன்னால் சொல்ல வழி கேட்டீர்களே, இதுதான் அது. டயர் தேய்ந்துவிட்டதால் போகிறார் என்று தோன்றும், ஆனால் பெரும்பாலும் பின்னால் இடம் திறந்த நொடியில்தான் போகிறார்கள்.

இனி அண்டர்கட். மேலே சொன்ன கார் 21-இல் போகிறது, முன்னால் இருப்பவர் அடுத்த லேப்பில், 22-இல் போகிறார் என்று வையுங்கள். பழைய டயரில் முன்னவர் 1:32.9 ஓட்டும்போது இவர் புது டயரில் பிட் நஷ்டம் போக 1:31.5 வேகத்தில் ஓட்டினால் லாபம் 1.4. அடுத்த லேப்பில் முன்னவர் சூடாகாத டயரோடு வெளியே வருகிறார், இவருடைய டயர் ஏற்கெனவே சூடு. அதில் இன்னும் 0.5. மொத்தம் 1.9. கேப்பும் 1.9. அப்படியானால் முடிவு டயர் மாற்றுபவர்கள் கையில். ஒருவருக்கு 2.3, இன்னொருவருக்கு 2.8 ஆனால் அந்த அரை வினாடியில் இடம் மாறும். முன்னவர் இன்னும் ஒரு லேப் தாமதித்தால் மேலும் 1.4 போய்விடும், அப்போது பேச்சே இல்லை. அதனால்தான் பின்னவர் போன மறு லேப்பில் முன்னவர் பதறி உள்ளே வருவதைப் பார்க்கிறீர்கள்.

நிஜ உதாரணம் வேண்டுமென்றால் 2021 பிரெஞ்சு கிராண்ட் பிரீ. ஹாமில்டனுக்கு 3 வினாடி அளவு பின்னால் இருந்த வெர்ஸ்டாப்பன் 18-ஆம் லேப்பில் பிட்டுக்குப் போனார், ஹாமில்டன் 19-இல் போனார், வெளியே வரும்போது வெர்ஸ்டாப்பன் முன்னால். அந்த நாளில் அண்டர்கட்டுக்கு 3 வினாடி மதிப்பு இருந்தது. பிறகு வெர்ஸ்டாப்பன் 32-இல் இரண்டாவது தடவை போய், விட்ட இடத்தை விரட்டிப் பிடித்து 53 லேப் ரேஸில் 52-ஆம் லேப்பில் கடந்தார். அந்த ரேஸை மறுபடி போட்டு, தாள் எழுதிப் பழகுங்கள். பழக அதைவிட நல்ல ரேஸ் இல்லை என்பேன்.

லேப் நேரத்தைப் படிக்கும்போது எரிபொருளை மறக்காதீர்கள். 10 கிலோ குறைந்தால் லேப்புக்கு சுமார் 0.3 வினாடி வேகம் கூடும் என்பது பொதுக் கணக்கு. ஒரு லேப்பில் 1.8 கிலோ எரிந்தால் 0.05 வினாடி. அதாவது டயர் தேயாமல் இருந்தால் ஒவ்வொரு லேப்பும் 0.05 குறைய வேண்டும். பத்து லேப்பும் ஒரே நேரம் ஓட்டினால் "டயர் நன்றாக இருக்கிறது" என்று நினைக்கக் கூடாது, டயர் அரை வினாடி தேய்ந்திருக்கிறது, எடை குறைந்தது அதை மறைக்கிறது. தொடர்ந்து மூன்று லேப் ஒவ்வொன்றும் 0.2-க்கு மேல் ஏறினால் டயர் முடிந்தது. ஒரே ஒரு லேப் மட்டும் ஏறினால் மஞ்சள் கொடியாக இருக்கலாம், ஒரு லேப் பின்தங்கிய காரைக் கடந்திருக்கலாம். அதை வட்டம் போட்டு விட்டுவிடுங்கள்.

வீடியோ பின்தங்குவதற்கு: தலைவர், அதாவது முதலிடத்தில் ஓடுபவர், தொடக்கக் கோட்டைத் தாண்டும்போது டைமிங்கில் லேப் எண் மாறும் நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள், டிவியில் மாறும்போது நிறுத்துங்கள். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை வரும். வீடியோவை இடையில் நிறுத்தி ஓட்டினால் இது கூடிக்கொண்டே போகும், அப்போதெல்லாம் லைவ் பொத்தானைத் தொடுங்கள். டைமிங்கைத் தாமதப்படுத்தும் வசதியுள்ள செயலி கிடைத்தால் அந்த நொடியை அதில் போட்டுவிடலாம். இல்லையென்றால் டைமிங் போன் ஒரே ஆளிடம், திரை மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும். அவர் கேப்பை மட்டும் வாசிக்கட்டும், பிட் என்று வந்தால் வாயைத் திறக்கக் கூடாது.

தக்கலை ரேஸ் ரசிகன்

அக்கா, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதில்ல. ரொம்ப நன்றி. பார்வதிபுரம் அண்ணே, எங்க ரெண்டு பெட்டியும் தனித்தனிதான், ரெண்டு அவுட்புட் உள்ளதையே வாங்கிடுறோம்.

ஒரு சந்தேகம். அப்படின்னா முதல்ல போறவருக்குத்தானே எப்பவும் லாபம்? பிறகு எதுக்கு சில பேர் இழுத்து இழுத்து ஓட்டுறாங்க? விபத்து நேரத்துல எல்லாரையும் மெதுவாக்குற சேஃப்டி கார் வந்தா இந்த 22.3 என்ன ஆகும்?

கொளச்சல் கார்னர்

மக்கா, அண்டர்கட்டை எல்லா இடத்துலயும் நம்பாதே. அக்கா சொன்ன கணக்கு டயர் சீக்கிரம் சூடாகுற, நல்லா தேயுற டிராக்குக்கு. மொனாக்கோ மாதிரி தேய்மானம் கம்மியான இடத்துல புது ஹார்டு டயர் சூடாக ஒண்ணு ரெண்டு லேப் எடுக்கும். அதுக்குள்ள பழைய டயர்ல வெறும் ரோட்டுல ஓட்டுறவன் முன்ன போயிடுவான். அதுதான் ஓவர்கட். 2021 மொனாக்கோவுல ஹாமில்டன் முதல்ல பிட்டுக்குப் போனாரு, பிந்திப் போன வெட்டலும் பெரெஸும் அவருக்கு முன்னாடி வந்தாங்க. அடையாளம் என்னன்னா, முதல்ல பிட்டுக்குப் போனவனோட முதல் முழு லேப்பைப் பாரு. வெளிய இருக்கிறவனைவிட ஒரு வினாடி வேகம்னா அண்டர்கட் நாள். சமமா, இல்ல மெதுவான்னா ஓவர்கட் நாள். அதுக்குப் பிறகு உன் கணிப்பை மாத்திக்கோ. டீம் ரேடியோவுல "பாக்ஸ் ஆப்போசிட்"னு வந்தா முன்னால போறவன் உள்ள போனா நீ வெளிய இரு, அவன் இருந்தா நீ போன்னு அர்த்தம். மெக்கானிக்குங்க பிட் லேன்ல வந்து நிக்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதே, எதிராளியைப் பதற வைக்கவும் வருவாங்க.

சேஃப்டி கார் வந்தா எல்லாரும் மெதுவா ஓட்டுறதால பிட் லாஸ் பாதிக்குக் கிட்ட குறைஞ்சிடும். 22 இருந்தது 11, 12 ஆகும்னு வச்சுக்கோ. விர்ச்சுவல் சேஃப்டி கார்லயும் (கார் வராம அறிவிப்பு மட்டும் கொடுத்து மெதுவாக்குறது) குறையும், ஆனா அது எப்ப முடியும்னு தெரியாது. உள்ள போய்க்கிட்டு இருக்கும்போதே பச்சை ஆயிட்டா பாதி லாபம் போச்சு. இங்க பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அறிவிப்பு வந்த நொடியில பிட் வாசலைத் தாண்டிட்டவன் யாரு, தாண்டாதவன் யாரு. தாண்டாதவன் உடனே போவான். தாண்டினவன் முழு லேப்பும் மெதுவா சுத்தி வரணும். இழுத்து ஓட்டுறவங்க பாதிப்பேரு இந்த அதிர்ஷ்டத்துக்குத்தான் காத்திருக்காங்க. முன்னாடியே மாத்தினவனைவிட இன்னும் மாத்தாதவனுக்குத்தான் சேஃப்டி கார் லாபம்.

2026 காரைப் பத்தியும் சொல்லிடுறேன், பழைய ரேஸை வச்சு பழகுறவங்க இதுல தடுமாறுவாங்க. டிஆர்எஸ் (முன்னவனுக்குக் கிட்ட வந்தா பின் இறக்கையைத் திறக்குற வசதி) இல்ல. நேர் ரோட்டுல முன் இறக்கை, பின் இறக்கை ரெண்டும் எல்லாருக்குமே திறக்கும், அதனால இறக்கை திறந்திருக்கிறதைப் பாத்து "கடக்கப் போறான்"னு சொல்ல முடியாது. முன்னால உள்ளவனுக்கு ஒரு வினாடிக்குள்ள இருந்தா பின்னவனுக்குக் கூடுதல் மின்சக்தி கிடைக்கும், அதுதான் இப்ப ஆயுதம். மின் மோட்டார் 350 கிலோவாட், கிட்டத்தட்ட பாதி பலம் பேட்டரியில இருந்து வருது. பேட்டரியை நிரப்புறதுக்கு வேண்டி ஒரு லேப் மெதுவா ஓட்டிட்டு அடுத்த லேப் பாய்வான். அதனால ஒரு லேப் ஏறி அடுத்த லேப் இறங்கினா அது டயர் இல்ல, பேட்டரி. ரெண்டு ரெண்டு லேப்பா கூட்டி சராசரி எழுது. எரிபொருளும் முன்னைவிடக் கம்மி, அக்கா சொன்ன 0.05-ஐக் கொஞ்சம் குறைச்சுப் போடு.

இன்னொரு வேலை: கிராஃப் தாள். படுக்கையில 1 செ.மீ. = 5 லேப், நிமிர்ந்து 1 செ.மீ. = 5 வினாடி. தலைவரோட கேப்பை அஞ்சு லேப்புக்கு ஒரு புள்ளியா வச்சு, காருக்கு ஒரு நிறத்துல கோடு இழு. கோடு தலைவர் பக்கமா சாய்ஞ்சா விரட்டுறான். ரெண்டு கோட்டையும் அடிமட்டம் வச்சு நீட்டினா எந்த லேப்ல சந்திக்கும்னு தெரிஞ்சிடும். 2019 ஹங்கேரியில ஹாமில்டன் 48-ஆம் லேப்ல ரெண்டாவது தடவை பிட்டுக்குப் போனாரு. கிட்டத்தட்ட 20 வினாடி இடைவெளியை விரட்டி, 70 லேப் ரேஸ்ல 67-ல வெர்ஸ்டாப்பனைக் கடந்தாரு. அதைத் தாள்ல போட்டுப் பாரு, மெர்சிடிஸ் எதுக்குத் துணிஞ்சாங்கன்னு கண்ணுக்கே தெரியும். தலைவர் பிட்டுக்குப் போற லேப்ல எல்லாக் கோடும் தலைவர் பக்கமா குதிக்கும், அது பிழை இல்ல.

ரேஸ் முடிஞ்ச பிறகு எஃப்ஐஏ (கார் ரேஸுக்கான உலக அமைப்பு) தளத்துல லேப் நேரம், பிட் ஸ்டாப், ஹிஸ்டரி சார்ட் எல்லாம் பிடிஎஃப்பா வரும், இலவசம். உன் தாளோட ஒத்துப் பாரு. பைத்தான் புரோகிராம் எழுதத் தெரிஞ்ச பையன் உங்க கூட்டத்துல இருந்தா ஃபாஸ்ட்எஃப்1-ங்கிற பைத்தான் நூலகத்துல 2018-ல இருந்து லேப் லேப்பா எடுக்கலாம்.

ஆரல்வாய் காற்று

நேர்ல பாக்குறதைப் பத்தி யாரும் சொல்லலை. கட்டாயம் போங்க. டிவியில வேகம் தெரியும், பிரேக் எந்த இடத்துல பிடிக்கிறான்னு நேர்லதான் தெரியும்.

கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே செட்டிபாளையத்துல இருக்கு, சுமார் 2.1 கி.மீ. டிராக். ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கை காரை உருவாக்கின கரிவர்தன் பேரு வச்சது. நாகர்கோவில்ல இருந்து ராத்திரி கோவை ரயிலைப் பிடிச்சா காலையில இறங்கலாம், அங்க இருந்து ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ. எல்ஜிபி ஃபார்முலா 4 கார் ஓடுற வார இறுதியாப் பாத்துப் போங்க. எல்லாக் காரும் ஒரே மாதிரி, அதனால வித்தியாசம் முழுக்க ஓட்டுறவன் கையில. டிராக் சின்னது, நல்ல இடத்துல நின்னா பாதிக்கு மேல கண்ணுக்குத் தெரியும். முதல் தடவைக்கு அதுதான் நல்லது.

இருங்காட்டுக்கோட்டை 3.717 கி.மீ. ஸ்ரீபெரும்புதூர் பக்கம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல போனா எழும்பூர் வரைக்கும் போக வேண்டாம், தாம்பரத்துலயே இறங்குங்க. நரேன் கார்த்திகேயன் மாதிரி ஆளுங்க ஓட்டிப் பழகின இடம். எஃப்4 இந்தியா கார் மைகேல் கம்பெனி சேஸி (காரோட உடல்), 1.3 லிட்டர் டர்போ. வேகம் அதிகம், சத்தமும் வேற. டிக்கெட், பார்வையாளர் அனுமதி எல்லாம் சுற்றுக்குச் சுற்று மாறும், ரயில் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி நடத்துறவங்க அறிவிப்பைப் பாத்துடுங்க.

உங்க கணக்குக்குப் பிரயோசனம் இப்படி: இந்த ரேஸ்ல பெரும்பாலும் பிட் ஸ்டாப் கிடையாது, ஆனா கேப் எடுக்கப் பழகலாம். போன் ஸ்டாப்வாட்சை எடுத்து, டிராக்குக்கு அந்தப் பக்கம் அசையாத ஒரு கம்பத்தைக் குறி வைங்க. முதல் கார் கம்பத்தை மறைக்கும்போது தொடங்கி, ஒவ்வொரு காருக்கும் லேப் பொத்தான். கை ஒண்ணு ரெண்டு பத்தில் ஒரு பங்கு வினாடி பிசகும், மூணு லேப் சராசரி எடுத்தா சரியாயிடும். நிக்கிற இடம் நீளமான நேர்ப்பாதை முடிவுல இருக்கிற பிரேக் பகுதி. நடு நேர்ப்பாதையில நின்னா ஒண்ணும் தெரியாது. காது அடைப்பான், தொப்பி, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. நிழல் கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க.

வெளிநாட்டு ரேஸ்னா நமக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம் பக்கத்துல இருக்கிறது பெரிய வசதி. மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் வளைகுடாவுல ஆள் இல்லாத வீடு கம்மி. தங்க இடம் இருந்தா அபுதாபியோ பஹ்ரைனோதான் செலவு குறைவு.

தக்கலை ரேஸ் ரசிகன்

கொளச்சல் அண்ணே, ஆரல்வாய் அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. கோவைக்குத் தேதி பாத்துட்டுச் சொல்றோம். கடைசியா ஒண்ணு: மழை ரேஸ்ல இந்தக் கணக்கு செல்லுமா? எப்ப இன்டர்மீடியட் (லேசான ஈரத்துக்கான டயர்) போடணும், எப்ப கழட்டணும்னு தாள்ல தெரியுமா?

ஸ்டாப்வாட்ச் அக்கா

செல்லும், ஆனால் வேறு எண் வேண்டும். ரேஸுக்கு முன்னால் உலர்ந்த டிராக்கின் சாதாரண லேப் நேரத்தை 1.12-ஆல் பெருக்கி எழுதி வையுங்கள். 92 வினாடி என்றால் 103. மழை வந்து, உலர் டயரில் ஓட்டுபவர்கள் 103-க்கு மேல் போனால் இன்டர்மீடியட் வேகமாக இருக்கும். டிராக் காயும்போது இன்டர்மீடியட்டில் 103-க்குக் கீழே இறங்கினால் ஸ்லிக் (பள்ளக்கோடு இல்லாத உலர் டயர்) நேரம் வந்துவிட்டது. துல்லியமான கோடு இல்லை, ஒன்றிரண்டு வினாடி முன்பின் இருக்கும்.

அதோடு செக்டரை, அதாவது லேப்பின் மூன்று பகுதிகளை, தனித்தனியாகப் பாருங்கள். பெரிய டிராக்கில் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வெயில் என்பது சாதாரணம். மொத்த லேப் 102 என்றாலும் இரண்டு செக்டர் காய்ந்து ஒன்று மட்டும் நனைந்திருந்தால் ஸ்லிக் போட்டவர் அந்த ஒரு செக்டரில் சுவரில் முட்டுவார். பின்வரிசையில், இழப்பதற்கு ஒன்றும் இல்லாத யாராவது ஒருவர் முதலில் ஸ்லிக் போடுவார். அவருடைய வெளியே வந்த லேப்பை விடுங்கள், அடுத்த லேப்பின் முதல் செக்டர் நேரம் ஊதா நிறத்தில் (எல்லாரையும்விட வேகம்) வந்தால் மற்றவர்கள் எல்லாம் அந்த லேப் முடிவிலேயே உள்ளே வருவார்கள். அப்போது ஒரே டீமின் இரண்டு கார்களும் சேர்ந்து வந்தால் பின்னால் வருபவர் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் கேப் 5 வினாடிக்குக் குறைவு என்றால் அவருடைய பிட் லாஸில் இரண்டு மூன்று வினாடி கூட்டிப் போடுங்கள்.